ஒரே கொட்டிலில் ஆடும் கோழியும்

ஆடு, கோழி என இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வது நம் நாட்டு வழக்கு. பலிபீடத்திற்கும் சந்தைக்கும் இவை சேர்ந்தே செல்வதால் பெயர்களும் சேர்ந்து நின்றன போலும். விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1950இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2004இல் அது நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட உயிர்களைத் தயை கைவிடலாகாது என்று கருதும் சிராவக அன்பர்கள், வெட்டுக்குப் போகவிருக்கும் ஆடுகளையும் கோழிகளையும் விலை கொடுத்து மீட்கின்றனர். அபயதானம் என நம் ஆன்றோர் போற்றிய நற்செயல் இது. இதனைப் பாராட்டும் நாம், இதையடுத்து எழும் ஒரு வினாவையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். மீட்ட உயிர்களை எவ்வாறு வைத்துக் காப்பது?

இடமும் பொருளும் சுருங்கிய இடத்தில் ஆட்டையும் கோழியையும் ஒரே கொட்டிலில் அடைத்து விடுவது எளிது. "எல்லா உயிரும் சமம் அன்றோ? சேர்ந்தே இருக்கட்டும்" என்று அதற்குச் சமாதானமும் சொல்லலாம். அச்சமாதானம் தக்கதா என்பதே நம் ஆராய்ச்சி.

ஆடும் கோழியும் ஐம்பொறி உயிர்களே. சீவன் என்னும் நிலையில் அவற்றிடையே ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் வினைவயத்தால் அவை எடுத்துள்ள உடல்கள் வேறு. ஆடு தழையுண்டு, உலர்ந்த தரையில் படுத்து அசைபோடும் பிராணி. கோழியோ தானியம் பொறுக்கி, மண்ணைக் கிளறி, அந்தி சாய்ந்ததும் உயரத்தில் ஏறி அமரும் பறவை. வளர்ந்த ஆடு ஒன்றிற்குக் கொட்டிலில் 10 சதுர அடி இடமேனும் வேண்டும். கோழிக்கு 2 சதுர அடி இடமும், ஏறி அமர ஒரு கொம்பும் வேண்டும். சீவன் சமம் என்பதனால் கொட்டிலும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. அவ்வவ்வுடலுக்கு உரியதை அவ்வவ்வுயிருக்கு அளிப்பதே சமநோக்கு.

இதனை மறந்தால் விளைவது யாது? கோழிக்கு இட்ட தானியத்தை ஆடு ஒரே மூச்சில் தின்றுவிடும். அதன் முதல் இரைப்பையில் தானியம் புளித்து அமிலம் பெருகும், வயிறு உப்பும், துள்ளுமாரி நோயும் வரக்கூடும். ஓரிரு நாளில் உயிரே போதலும் உண்டு. தீவனத் தொட்டியின் மேல் அமரும் கோழியின் எச்சம் தழையிலும் நீரிலும் விழும். மாசுபட்ட தழையை ஆடு முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடும். தொட்டி நிறைந்திருக்க அது பட்டினி கிடக்கும். எச்சத்தின் வழியாகச் சில நோய்க் கிருமிகளும் பரவும். ஆட்டுச் சிறுநீர் தேங்கி எழும் நெடியோ கோழியின் மூச்சைக் கெடுக்கும். குளம்படியில் சிக்கிக் குஞ்சுகள் மடிவதும் உண்டு.

கொல்லாமை அணுவிரதத்திற்கு உரிய ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் கூறுகிறது. கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகை பாரம் ஏற்றல், ஊணும் நீரும் தடுத்தல் என்பன அவை. நெருக்கி அடைத்த கொட்டிலில் முதற்குற்றமும் இறுதிக்குற்றமும் நாள்தோறும் நிகழ்கின்றன. கத்தியிலிருந்து மீட்ட உயிருக்கு நம் வீட்டிலேயே நாம் இழைக்கும் தீங்கு இது.

இங்கே ஒரு தடை எழலாம். "கோழி ஆட்டின் உண்ணியையும் சாணத்துப் புழுவையும் தின்று கொட்டிலைத் தூய்மை செய்கிறதே? உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதல் நம் சமயக் கொள்கைதானே?" என்று சிலர் கேட்கலாம். கோழி புழுவைத் தின்பது அதன் இயல்பு, அவ்வினை நம்முடையதன்று. ஆனால் உண்ணியைக் கொல்லும் பொருட்டே கோழியை அங்கு வைப்போமாயின் அச்சங்கல்பம் நம்முடையதாகும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பதை நாம் அறிவோம். கொட்டிலைக் கூட்டி உலர்த்தி, உண்ணி தோன்றாமலே காப்பதில் நேரும் சிறு இம்சை இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சை. கோழியைக் கொலைக்கருவியாக்குவதோ சங்கல்ப இம்சை.

எண்ணத்தின் வலிமையை யசோதர காவியம் நமக்கு உணர்த்துகிறது. அரசன் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பலியிட்டது மாவினால் செய்த கோழியையே. குருதி ஒரு துளியும் சிந்தவில்லை. எனினும் கொலையெண்ணம் அவர்களை விலங்குப் பிறவிகளில் ஆழ்த்திற்று. அப்பிறவிகளுள் ஆடும் உண்டு, கோழியும் உண்டு.

பிரித்து வைத்தல் வெறுப்பன்று. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர லால் மந்திர் வளாகத்தில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையில், ஊனுண்ணும் பறவைகளை மற்றப் பறவைகளோடு சேர்த்து வைப்பதில்லை. சிகிச்சை இருசாரார்க்கும் உண்டு, இடம்தான் வேறு.

ஆகவே ஒரே கூரைதான் இயலும் எனில், நடுவே தடுப்பும் தனித்தனி வாயிலும் அமைப்போம். பகலில் இரண்டும் வெளியில் கூடி மேயட்டும். இரவில் பிரிந்து உறங்கட்டும். கோழி மட்டுமே நுழையக்கூடிய சிறு திறப்பின் உள்ளே தானியத்தை இடுவோம். கோழி அமரும் கொம்பு ஆட்டின் தீவனத் தொட்டிக்கு மேலே இராதபடி பார்த்துக்கொள்வோம்.

"இடமில்லை என்று மீட்காது விட்டால் அவ்வுயிர் கத்திக்குப் போகுமே" என்று கேட்பின், அது நம்மையும் வருத்தும் வினாவே. மீட்பதை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. ஒருவர் கொட்டிலில் இடமில்லையெனில் அயலூர்ச் சிராவகர் ஓர் உயிரை ஏற்கட்டும். பொருளுள்ளோர் தடுப்புச் சுவர் எழுப்பத் துணைசெய்யட்டும். மீட்ட உயிர்களின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்வதை விடுத்து, சென்ற ஆண்டு மீட்டவற்றுள் இன்று நலமாக இருப்பவை எத்தனை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வரும் மகாவீர ஜயந்தியன்று புதிய உயிரை மீட்கச் சந்தைக்குச் செல்லுமுன், நம் கொட்டிலுள் ஒருமுறை சென்று பார்த்து வருவோமாக.

வாழ்க அருளறம்!