கத்திரிக்காய்க் காம்பும் அத்வைதமும்

பிரம்மம் ஒன்றே மெய்ப்பொருள், உலகம் அதன்மேல் எழுந்த தோற்றம் என்று கொள்ளும் அத்வைதத்தில் நிலைபெற்ற ஒருவர், காய்கறியின் காம்பு வீணாவதைப் பற்றிக் கவலைப்படுவது பொருந்துமா என்னும் வினா முதற்பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் திருவண்ணாமலையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ரமண மகரிஷியின் (1879–1950) சமையற்கட்டுப் பழக்கங்களைக் கருதுவோர் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது. தரையில் சிந்திய அரிசியையும் கடுகையும் பொறுக்கி எடுத்ததும், செய்தித்தாளின் எழுத்தில்லாத ஓரங்களை வெட்டிவைத்துப் பயன்படுத்தியதும், காயின் தோலை மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பியதும் அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. உலகைத் துறந்தவர் என்று போற்றப்பட்டவர் உலகின் மிகச் சிறிய துணுக்கையும் விட்டுவிட மறுத்தார் என்பதே இங்குள்ள முரண்.

1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்த அவருக்கு நெடுங்காலம் அடுப்பே இல்லை. விருபாட்ச குகையில் இருந்த காலத்தில் அன்பர்கள் ஊருக்குள் சென்று பிச்சை எடுத்து வந்த சோறும் குழம்பும் ஒன்றாகக் கலக்கப்பட்டு எல்லோருக்கும் பங்கிடப்பட்டன. அவர் பாடிய துதியான அருணாசல அட்சரமணமாலையே இவ்வாறு பிச்சைக்குச் செல்லும் அன்பர்கள் வழியில் பாடுவதற்காக இயற்றப்பட்டதுதான். 1916இல் தாய் அழகம்மாள் மகனுடனேயே தங்க வந்த பின்னர்தான் சமையல் என்ற ஒன்று அங்குத் தொடங்கியது. அந்தத் தாய் அப்பளம் இடுவதற்குத் துணைக்கு அழைத்தபோது மகன் இயற்றியதாகக் கூறப்படும் அப்பளப் பாட்டு, வீட்டுப் பெண்கள் கைப்பழக்கமாகச் செய்யும் ஒரு வேலையை அதன் வரிசை மாறாமல் ஞான சாதனையாக்கிக் காட்டுகிறது. உடலாகிய வயலில் விளையும் ‘நான்’ என்னும் அகந்தையே உளுந்து. ‘நான் யார்’ என்னும் விசாரமே அதை உடைத்துப் பொடியாக்கும் திரிகை. நல்லோர் கூட்டம் பிரண்டைச் சாறு. மன அடக்கமாகிய சமமும் புலனடக்கமாகிய தமமும் சீரகமும் மிளகும். விருப்பங்கள் ஓய்ந்த நிலையாகிய உபரதி உப்பு. நல்ல வாசனை, அதாவது மனத்தில் படிந்த நற்பண்பின் பதிவு, பெருங்காயம். இறுதியில் அப்பளம் பிரம்மமாகிய நெய்யில் பொரிகிறது. இந்தப் பாட்டில் எந்தப் பொருளும் தள்ளப்படவில்லை என்பது உரைகாரர்கள் அதிகம் பேசாத செய்தி. அகந்தையைக்கூட எறியச் சொல்லாமல், அதையே மாவாக்கிப் பொரிக்கச் சொல்கிறது அது.

மலையடிவாரத்தில் தாயின் சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் வளர்ந்த பின், விடியுமுன்னரே சமையற்கட்டுக்குள் வந்து காய் நறுக்குவதும் சட்னி அரைப்பதும் மகரிஷியின் அன்றாடமாயின. அங்குச் சமைத்தவர்களுள் ஒருவரான சம்பூரணம்மாளின் நினைவுக் குறிப்பு நம் வினாவுக்கு மிக நெருங்கிய சான்றைத் தருகிறது. உறவினர் அனுப்பிய கத்திரிக்காய் ஏராளமாக வந்து, நாள்தோறும் அதே காய் சமைக்கப்பட்டு, காம்புகள் மட்டும் ஒரு மூலையில் குவிந்துவிட்டன. மாடும் தின்னாது என்று அவர் கருதிய அக்காம்புகளைக் கறியாக்கும்படி மகரிஷி கூறினார். உலர்ந்த பட்டாணியோடு சேர்த்து ஆறு மணி நேரம் வேகவைத்தும் அவை இளகவில்லை. மகரிஷி வந்து கரண்டியால் கிளறிவிட்டுச் சென்ற சற்று நேரத்தில் இளகிவிட்டன என்கிறது குறிப்பு. அடியார் நூல்களில் அற்புதத்துக்கு என்றும் பஞ்சமில்லை. ஆறு மணி நேரம் வெந்த பொருள் அதற்குப் பின் இளகுவதில் வியப்பும் அவ்வளவாக இல்லை. கவனத்துக்குரியது அதன் பின் நடந்ததே. பந்தியில் இருந்தோர் இது என்ன காய் என்று அறியாமலே கேட்டு வாங்கி உண்டனர். மகரிஷியோ தமக்கு இட்ட சிறிதளவை மருந்துபோல் விழுங்கிவிட்டு மறுமுறை வேண்டாம் என்றார். அதனால் சமைத்தவர் வருந்தியதை அறிந்து, உண்பவர் எல்லோரும் தாமே என்பதை அவர் காணவில்லையா என்றும், சமைப்பவரையும் உண்பவரையும்விடச் சமைக்கும் செயலே முக்கியம் என்றும், அன்போடு செய்தது செய்ததிலேயே நிறைவு பெறுகிறது என்றும் மறுநாள் கூறினார்.

இந்தப் பதிலில்தான் முரண் அவிழ்கிறது. உலகம் பொய் என்பதற்கு ரமணர் கொண்ட பொருள், ஆன்மாவிலிருந்து பிரித்துப் பார்க்கும்போது அதற்குத் தனி மெய்ம்மை இல்லை என்பதே ஆகும்; ஆன்மாவாகவே காணும்போது உலகமும் மெய்யே என்று அவர் விளக்கியதுண்டு. அவ்வாறாயின் காய் உயர்ந்தது, காம்பு தாழ்ந்தது என்று பிரிப்பது பொருள்களின் இயல்பு அன்று, ‘எனக்கு வேண்டியது, எனக்கு வேண்டாதது’ என்று வகுக்கும் அகந்தையின் வேலை. இந்நோக்கில் சிக்கனம் என்பது பணத்தைப் பற்றிய ஒழுக்கமாக நிற்காமல், ‘நான் யார்’ விசாரம் விரல்நுனி வரை நீளும் இடமாகிறது. அது கருமித்தனமும் அன்று. கடுகைப் பொறுக்கிய அதே ஆசிரமத்தில் நாள்தோறும் சாதுக்களுக்கு உணவிட்ட பிறகே மற்றவர் உண்ணும் வழக்கம் நிலவியது.

மரபு நூல்கள் இவ்விடத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. உச்சிட்டத்தை, அதாவது ஒருவர் உண்டு எஞ்சிய எச்சிலை, கீதையின் பதினேழாம் அத்தியாயம் தாமச உணவோடு சேர்க்கிறது. அதே கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்வியில் எஞ்சியதை உண்போர் பாவம் நீங்குவர் என்றும், தமக்காகவே சமைப்போர் பாவத்தை உண்கின்றனர் என்றும் கூறுகிறது. அதர்வ வேதத்தின் பதினோராம் காண்டத்தில் உள்ள ஒரு சூக்தம் எஞ்சியதையே பெயருக்கும் வடிவுக்கும் உலகுக்கும் ஆதாரமாகப் போற்றுகிறது. பெரியபுராணத்தில் கண்ணப்பர் தம் வாயில் இட்டுச் சுவை பார்த்த ஊனைக் காளத்தியில் இறைவனுக்குப் படைத்தார். மதுரையில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே ரமணர் ஆழ்ந்து படித்த நூல் அது. எஞ்சியதன் தகுதி அதன் பொருளில் இல்லை, அது எந்த உறவுக்குள் வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது என்பதே இவற்றுக்கிடையே காணக்கூடிய இணக்கம்.

திருவண்ணாமலையின் வீட்டுப் பண்டிகைச் சமையல் இதற்கு மாறான நெறியில் இயங்குகிறது என்பதையும் கருத வேண்டும். கார்த்திகை தீபத்தன்று மாலை மலையுச்சியில் தீபம் ஏறியபின் வீடுகளில் படைக்கப்படும் பொரி உருண்டை, அப்பம், அடை ஆகியவற்றுக்கு அரிசியும் வெல்லமும் தேங்காயும் பார்த்து எடுக்கப்படுகின்றன; படைக்குமுன் யாரும் சுவை பார்ப்பதில்லை. சிறந்ததே தெய்வத்துக்கு என்னும் தெரிவு இதில் அடிப்படை. கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையும் மீந்த மாவும் சேரும் அடை பெரும்பாலும் மறுநாளுக்குரியது, வீட்டாருக்குரியது. காம்புக் கறி இந்த எல்லைக்கோட்டை அழிக்கிறது. உண்பவர் அனைவரும் ஒருவரே என்றால் படையலுக்கும் மறுநாள் அடைக்கும் வேறுபாடு நிற்காது. பக்தி மரபு இதை முழுமையாக ஏற்றுக்கொள்ளாது, ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தேர்ந்தெடுத்துத் தருவதும் அன்பின் ஒரு வடிவமே.

எனினும் காம்புக் கறிக்கு எதிராக எழுப்பத்தக்க வலுவான தடை சாத்திரத்திலிருந்து வருவதன்று. ஆறு மணி நேரம் அடுப்பின் முன் நின்றவர்கள் பெரும்பாலும் கைம்பெண்களான சமையற்காரர்கள். பொருளை வீணாக்காமை அவர்களது உழைப்பையும் விறகையும் செலவிட்டே நிறைவேறியது. சமைப்பவர் முக்கியமல்ல, சமையலே முக்கியம் என்பதைத் திண்ணையில் அமர்ந்த ஒருவர் கூறியிருந்தால் அது எளிதில் சுரண்டலின் மொழியாகியிருக்கும். இங்கு அவ்வாறு ஆகாமைக்குக் காரணம், அதைக் கூறியவர் அதே அடுப்படியில், அதே விடியற்காலையில் அம்மியில் அரைத்தவர் என்பதும், பந்தியில் மற்றவரைவிடக் கூடுதலாக ஒரு கரண்டியும் ஏற்காதவர் என்பதுமே. இந்த இரண்டும் இல்லாத சமையற்கட்டில் அதே உபதேசம் செல்லுபடியாகுமா என்பது ஐயத்துக்குரியது.