பசுமை கண்டால் போதுமா?

எரிந்த காட்டின்மீது மறுபடியும் பசுமை படர்ந்துவிட்டால், அக்காடு பிழைத்துவிட்டது என்று எழுதிவிடலாமா? இதற்கு விடை கூறவேண்டியவர் வனவியலார் மட்டுமே எனச் சிலர் எண்ணலாம். கண்டதைக் கணக்கில் எழுதிக் கையொப்பமிடும் ஒவ்வொருவர்க்கும் உரிய அறக்கேள்வி இது என்பது நமது துணிபு.

வானிலிருந்து காட்டை அறியும் முறை வியக்கத்தக்கது. உயிருள்ள இலை, ஞாயிற்றொளியில் சிவப்பை உட்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியைப் பெரிதும் திருப்பி அனுப்புகிறது. கருகிய நிலம் அவ்வாறு செய்வதில்லை. துணைக்கோள்கள் இவ்வொளிகளை அளந்து தருகின்றன. தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எங்கே எரிந்தது, எங்கே தழைக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். 1972-இல் ஏவப்பெற்ற முதல் லேண்ட்சாட் தொட்டு இப்படங்கள் சேர்ந்து வருகின்றன. 2008 முதல் எவரும் அவற்றை இலவசமாகப் பெறலாம்.

இனி, நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானை நோக்குவோம். அங்கே சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டம் 1996-இல் தொடங்கிற்று. சதுப்புக் காடுகளை வெட்டி, நீரை வடிக்கக் கால்வாய்கள் தோண்டினர். இலையும் கிளையும் முற்றும் மட்காமல் நீரில் ஊறிப் பல்லாயிரம் ஆண்டுகளில் உண்டான அந்தப் பீட் மண், நீர் வடிந்ததும் விறகாயிற்று. 1997-இல் எல் நினோ வறட்சி வந்தது. தீ மரத்தை மட்டுமன்றி மண்ணையும் தின்றது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீயின் புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியதை நம்மவர் மறந்திரார்.

பின்னர் மழை பெய்தது. எரிந்த நிலத்தில் பெரணியும் புதரும் மண்டின. வானத்துப் படத்தில் பச்சை மீண்டது. ஆனால் பலவிடங்களில் பெருமரங்கள் மீளவில்லை. வடிந்த நீரும் மீளவில்லை. 2015-இல் வறட்சி திரும்பியபோது அந்நிலங்களில் மீண்டும் தீப்பற்றியது. பச்சையாயிருந்தது உண்மை, காடாயிருந்தது உண்மையன்று.

தோட்டத்தில் கிராணியாயுள்ள நாமும் இப்பிழைக்கு விலக்கல்ல. மறுநடவு செய்த மலைச்சரிவு ஒன்றை ஒருநாள் வெயிலுக்கஞ்சிச் சாலையில் நின்றபடியே பார்த்தோம். பச்சைப் பசேலென்றிருந்தது. 'கன்றுகள் செழிப்பு' என்று மாத அறிக்கையில் எழுதினோம். மறுநாள் களையெடுக்கும் முதிய அம்மையார் ஒருவர், "கிராணி ஐயா, நீங்க பார்த்தது கன்னு இல்லீங்க, லாலாங்கு. கன்னு பாதி செத்துக் கிடக்குது. இறங்கி வந்து பாருங்க" என்றார். இறங்கிப் பார்த்தோம். அவர் சொன்னதே மெய். பொய் சொல்லவேண்டுமென்று நாம் எழுதவில்லை. ஆயினும் எழுதியது பொய்யே. அதைத் திருத்தித் தருவதற்கு இரண்டு நாள் நமக்குத் துணிவு வரவில்லை. எரிந்த காட்டு நிலங்களை முதலில் மூடி, மறுபடியும் எளிதில் தீப்பிடிப்பதும் இந்த லாலாங் புல்லே என்று பிற்பாடு படித்தபோது, நம் வெட்கம் இரட்டித்தது.

அவ்வாறாயின் துணைக்கோளால் பயனில்லையா எனின், அன்று. பத்து லட்சம் ஹெக்டேரை எவர் காலால் நடந்து அளப்பார்? ஒளித்து வைத்த தீயையும் அது காட்டிக் கொடுக்கிறது. பச்சையளவு ஒன்றே போதாதென்று முதலில் கண்டவர்களும் விஞ்ஞானிகளே. ஆதலால்தான் மர உயரத்தை லேசர் ஒளியால் அளக்கும் கருவியொன்றை 2018 இறுதியில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கு அனுப்பினர். தரையிற் சென்று மரங்களை எண்ணி, படத்தோடு ஒத்துப் பார்க்கின்றனர். குற்றம் கருவியினுடையதன்று. படத்தில் பச்சை தெரிந்தவுடன், எரித்தவன் கடன் தீர்ந்தது, ஆண்டவன் பொறுப்பும் தீர்ந்தது எனக் கணக்கை மூடிவிடும் மனத்தினுடையது.

உயரத்தில் நிற்பவனுக்குப் பரப்பு தெரியும்; குனிந்து நிற்பவனுக்கே வேர் தெரியும். இவ்விருவர் சொல்லும் ஒத்த பின்னரே 'மீண்டது' என்னும் சொல்லை எழுதுதல் முறை. பேனா பிடிக்கும் நண்பர்களே! நம்முடைய அறிக்கைகளில் அச்சொல் இருக்குமாயின், கையொப்பமிடுமுன் ஒருமுறை சரிவில் இறங்கிப் பார்ப்போமாக.