தோற்ற அணியும் போக்காடும்

வார இறுதியில் நம் அணி தோற்றுப்போனால், திங்கட்கிழமை காலையில் அதற்கொரு குற்றவாளி நமக்குத் தேவைப்படுகிறார். தேநீர்க் கடையானாலும், அரக்கோணம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியானாலும் பேச்சு ஒன்றே: “அந்த நேரத்தில் அவனை ஏன் வெளியே எடுத்தார்? இவனை ஏன் இறக்கினார்? முதலில் இந்தப் பயிற்சியாளரை அனுப்ப வேண்டும்.” திருத்தணியிலிருந்து வேலைக்காகத் தலைநகர் செல்வோர் பலர். அவர்கள் இறங்கும் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. எனவே மலைமேல் முருகன் கோயில் கொண்ட இந்நகரிலும் கால்பந்து பற்றிய தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. தீர்ப்பிடுவது எளிது. ஆனால், மோசமாக முடிந்தது என்பதனாலேயே ஒரு முடிவு தவறானதாகிவிடுமா என்னும் கேள்வி அத்துணை எளிதன்று.

சென்னையின் எஃப்.சி. அணியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் தோன்றிய இவ்வணி, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே 3–2 என்று வென்று, இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்சியாளர் ஜான் கிரகரி என்னும் ஆங்கிலேயர். அன்று அவரைப் புகழாத வாய் இல்லை. அடுத்த பருவத்தில் அதே கிரகரியின் கீழ் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், மூன்று சமநிலைகள், பதின்மூன்று தோல்விகள். ஒன்பது புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாம் இடம். கோப்பையை வென்றவர்கள் கடைசிக்கு வந்துவிட்டார்கள். அது முடிந்து சில வாரங்களுக்குள், 2019 ஏப்ரலில், அதே மனிதர் அதே அணியைச் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். கோவாவிடம் 2–1 என்று தோற்றார். 2018 மார்ச்சில் அறிஞராக இருந்தவர் ஓராண்டுக்குள் அறிவிலியாகி, பிறகு ஏப்ரலில் மீண்டும் அறிவு பெற்றார் என்று நம்மால் நம்ப முடியுமா?

அடுத்த பருவத்தின் தொடக்கத்தில், ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி கிடைத்த நிலையில், 2019 நவம்பர் இறுதியில் கிரகரி விலகினார். ஓவன் காயில் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். ஆயினும் அணி எழுந்தது. நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை வீழ்த்தி, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டத்தில் நின்றது. கொள்ளைநோய் அச்சத்தால் பார்வையாளர் ஒருவரும் அனுமதிக்கப்படாத அந்த அரங்கில் ஏ.டி.கே. அணியிடம் 3–1 என்று தோற்றது வேறு கதை.

“பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் பலித்தது” என்பார்கள். மறுக்க முடியாத நிகழ்ச்சிதான். ஆனால் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், தம் நாட்டில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் நீக்கங்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சரிவின் நடுவே பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பின்னர் தேறின என்பது உண்மையே. ஆனால் அதே அளவு சரிந்து, நீக்காமல் பொறுத்திருந்த அணிகளும் தேறின என்று அவர் கண்டார். காய்ச்சல் தானே தணியும் நாளில் கொடுத்த மருந்துக்குப் பேர் வாங்கித் தருவது போன்றது இது. இதை வைத்துக் காயிலின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதும் அநீதியே. ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஒருவரைத் தூக்கி, மற்றொருவரைத் தாழ்த்த நமக்குப் போதிய சான்று இல்லை என்று மட்டுமே சொல்கிறோம்.

திருத்தணியில் 1888-இல் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன், 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வாழ்வைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கையில் விழும் சீட்டுகளை நாம் தேர்ந்துகொள்வதில்லை. ஆனால் அவற்றை எப்படி ஆடுவது என்பது நம் உரிமை. ஊழையும் மனித உரிமையையும் ஒருங்கே விளக்க அவர் கையாண்ட உவமை இது. கால்பந்துப் பயிற்சியாளருக்கு இது அப்படியே பொருந்துகிறது. யாரை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது என்பதில் உரிமையாளரின் சொல்லே முந்தும். யாருக்குக் கால் முறியும் என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே விழுவதும் வெளியே தெறிப்பதும் ஓர் அங்குலத்தில் இருக்கிறது. இவையெல்லாம் விழுந்த சீட்டுகள். ஆனால் ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது அஞ்சிப் பின்வாங்கியது, களைத்தவனை எழுபதாம் நிமிடத்திலும் மாற்றாமல் விட்டது, உழைக்காதவனைப் பெயருக்காக இறக்கியது — இவை ஆடிய ஆட்டம். இவற்றைக் குறைகூற நமக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: முடிவெடுத்த அந்த நிமிடத்தில் அவர் எதை அறிந்திருந்தார் என்பதைக் கொண்டே குறைகூற வேண்டும், பின்னர் நமக்குத் தெரிந்ததைக் கொண்டன்று.

இந்த நிபந்தனையை மறந்தால் என்னவாகும் என்பதற்கு மோவாசிர் பார்போசாவின் வாழ்க்கை சான்று. 1950 ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. பார்போசா பிரேசிலின் கோல்கீப்பர். உருகுவேயின் முதல் கோல், கிஜ்ஜியா வலப்புறமிருந்து குறுக்கே தள்ளிய பந்தில் விழுந்தது. சற்று நேரங்கழித்து அதே கிஜ்ஜியா அதே பக்கமாக ஓடிவந்தபோது, மீண்டும் குறுக்கே தள்ளுவார் என்று எண்ணிப் பார்போசா ஓரடி நகர்ந்து நின்றார். யாரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். கிஜ்ஜியாவோ கம்பத்துக்கும் பார்போசாவுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் நேராக அடித்துவிட்டார். பிரேசில் 2–1 என்று தோற்றது. அந்த ஓரடிக்காக, 2000-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அம்மனிதர் தம் நாட்டாரின் பழியைச் சுமந்தார். அவர் செய்தது பிழையா? கருத்தில் கொள்ளத்தக்க எல்லாவற்றையும் கருதி எடுத்த முடிவு அது. நம் பக்கத்து உழவர் மேகத்தைப் பார்த்து விதைக்கிறார், மழை பொய்க்கிறது. அவரை மூடர் என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டரங்கில் மட்டும் ஏனோ நம் மனம் கல்லாகிவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் விளைவையும் ஏற்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே அவருக்கு ஊதியமும் உயர்வும்? உண்மை. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5–0 என்று தோற்றபின் சென்னையின் அணி, போஜிதார் பாண்டோவிச்சை விடுவித்தது. அவ்வாறு செய்ய நிர்வாகத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பொறுப்பு வேறு, குற்றம் வேறு. பொறுப்பை ஒருவர் பதவியோடு இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். குற்றவாளி என்ற பெயரோ வீடுவரை தொடர்ந்து வரும். ஒருவரை மாற்றுவதற்கு அவரை இழிவுபடுத்த வேண்டிய தேவை இல்லை.

லேவியர் நூலின் பதினாறாம் அதிகாரத்தில் மக்களின் பாவங்களையெல்லாம் ஓர் ஆட்டின் தலைமேல் அறிக்கையிட்டுப் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடும் சடங்கைப் படிக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பு அந்த ஆட்டைப் ‘போக்காடு’ என்கிறது. பயிற்சியாளர் அந்த ஆட்டைப் போல முற்றும் குற்றமற்றவர் அல்லர். உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆட்டை அனுப்புமுன் தலைமைக் குரு மக்களின் குற்றங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நம் போக்காட்டுக்கோ அந்த அறிக்கை இல்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஓட மறுத்த ஆட்டக்காரர், ஆள் எடுப்பதில் பிழைசெய்த நிர்வாகி, சிறுவர் கால்பந்தை வளர்க்காத அமைப்புகள், வென்றால் மட்டும் அரங்கம் நிறைக்கும் நாம் — யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆடு மட்டும் ஓட்டப்படுகிறது. அடுத்த வாரம் அதே அணி, அதே தோல்வி.

2019-இல் அணியைத் தூக்கி நிறுத்திய காயில், 2023-இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். முதற்பருவத்தில் அணி ஆறாம் இடம் பெற்றது. 2024-25 பருவத்தில் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். 2025-இல் அவரும் விலகினார்.