மீனுக்கும் மனிதனுக்கும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, கொடுக்கிறவன் பார்க்க வேண்டாமா?

பங்களாதேஷில் 1970-களில் குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குழந்தைகள் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துக்கொண்டிருந்தன. யுனிசெஃப் போன்ற அமைப்புகள் அரசாங்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராக அடி பம்பு போட்டுக் கொடுத்தன. நிலத்தடி நீரில் கிருமி பயம் குறைவு. ஜனங்களுக்குப் பிடித்துப்போய் சொந்தக் காசிலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை கோடிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

கிருமியைப் பற்றி யோசித்தவர்கள் பாஷாணத்தைப் பற்றி யோசிக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த வண்டலில், இரும்போடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் இருக்கிறது. பூமிக்கடியில் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பிரிந்து தண்ணீரில் கரைகிறது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. பல வருஷம் குடித்த பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்புகள், உடம்பில் கறுப்புப் புள்ளிகள், சிலருக்குப் புற்றுநோய். தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கிவைத்தார்கள். பெண்களுக்குக் கல்யாணம் தட்டிப்போயிற்று.

1983 வாக்கிலேயே கல்கத்தாவில் டாக்டர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பங்களாதேஷ் கிணற்றில் கண்டுபிடித்தது 1993-ல். இரண்டு பக்கமும் அதே வண்டல், அதே பாஷை. சேதி எல்லை தாண்டப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது!

இதற்கு நடுவில் 1992-ல் பிரிட்டிஷ் ஜியாலஜிகல் சர்வேக்காரர்கள், பிரிட்டன் அரசின் உதவிப் பணத்தில் பங்களாதேஷ் வந்து கிணற்று நீரைச் சோதித்தார்கள். மீன்களுக்கும் மனிதர்களுக்கும் இந்தத் தண்ணீரால் கெடுதல் உண்டா என்பது அறிக்கையின் தலைப்பிலேயே இருக்கிறது. என்னென்னவோ தாதுக்களைப் பார்த்தார்கள், ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட கிராமத்துக்காரர் ஒருவர் லண்டனில் கேஸ் போட்டார். பிரபுக்கள் சபை வரை போய், 2006 ஜூலையில் தள்ளுபடியாயிற்று. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை; விஷயம் தெரிந்தவர் என்பதற்காக ஒருவர் ஊர் உலகத்துக்கெல்லாம் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு விடுதலுக்கும் கோர்ட்டுக்கு இழுத்தால் அப்புறம் எவன் உதவிக்கு வருவான்? ஆனால் வழியோடு போகிறவன் வேறு, என் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு, தண்ணீர் மொண்டு போனவன் வேறு இல்லையா? அவன் பேசாமல் போனால் 'ஒன்றுமில்லை போலிருக்கிறது' என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பம்பு போட்டதையே தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்குச் சாகப்போகிற குழந்தையா, இருபது வருஷம் கழித்து வரக்கூடிய நோயா என்றால் யாராக இருந்தாலும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். என் வருத்தமெல்லாம் அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி. எத்தனை பம்பு போட்டோம் என்று கணக்கு எழுத ஆள் இருந்தது. குடித்தவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க உள்ளூர் அரசாங்கத்திலும் ஆள் இல்லை, வெளியூர் தர்மவான்களிலும் இல்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை, 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது.

பிறகு சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் சிவப்புப் பெயின்ட், குறைந்தால் பச்சை. (உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 10. பச்சையை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) சிவப்பு பம்புக்காரர் வீட்டுப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு பச்சை பம்புக்காரர் முற்றத்துக்குப் போக வேண்டும், தினமும், அவர்கள் முகம் கோணாதவரை. அரசாங்கம் ஆழமான கிணறுகளும் போட்டது. அதில் பாதி எங்கே என்பது எம்.பி.க்கள் இஷ்டம், பல கிணறுகள் வேண்டியவர்கள் வீட்டு வாசலில் இறங்கின என்று 2016-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை சொன்னது. பழைய பெயின்ட் பல இடங்களில் மழையில் உரிந்துவிட்டது. பிற்பாடு ஜனங்கள் தாங்களே இறக்கிக்கொண்ட பம்புகளில் பலவற்றுக்கு, சிவப்போ பச்சையோ, அடிக்க யாரும் வரவில்லை.