கடிதத்தில் இருந்த நட்பு

சீடன்: ஐயா, பக்கத்து நாட்டுத் தலைவர் வந்து இறங்கினாலே நூற்றாண்டு கால நட்பு என்கிறார்கள். நாட்டுக்கும் நாட்டுக்கும் உண்மையில் நட்பு உண்டா?

குரு: மேடையில் பேசுவதை விடு. எழுதிக் கையெழுத்திட்டதைப் பார். 1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் அமைதி, நட்பு உடன்படிக்கை செய்துகொண்டன. நேபாளத்துக்காகக் கையெழுத்திட்டவர் பிரதமர் மோகன் ஷம்ஷேர் ராணா. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் தூதர்.

சீடன்: பிரதமருக்குச் சமமாகத் தூதரா?

குரு: நேபாளிகள் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிது, கூடவே கைமாறிய கடிதம். நேபாளம் தனக்கு வேண்டிய ஆயுதங்களை இந்தியா வழியாக வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறது உடன்படிக்கை. அதற்கு இந்தியாவின் உதவியும் சம்மதமும் வேண்டும் என்கிறது கடிதம். அந்தக் கடிதம் 1959 வரை வெளியே வரவில்லை.

சீடன்: அப்படியானால் நட்பு வெறும் மேற்பூச்சுதான்.

குரு: அவசரப்படாதே. பெரிய நாடு நண்பன் என்று அழைத்தால், சின்ன நாடு எதையாவது மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா என்று பார். 1988இல் நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் வணிக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானதும், இந்தியா இரண்டு எல்லை வழிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடைத்தது. கடற்கரையே இல்லாத நாடு அது. ஆயுதம் வாங்க முடிவெடுத்தவர்களா மண்ணெண்ணெய்க்குத் தவித்தார்கள்? அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் தவித்தார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சீடன்: பிறகு ஏன் நேபாளம் அந்த உடன்படிக்கையை உதறவில்லை? வழி இல்லையா?

குரு: வழி இருக்கிறது. ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். ஆனால் அதே உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, ஒரு நாட்டார் மற்ற நாட்டில் தங்கவும் சொத்து வாங்கவும் தொழில் செய்யவும் இடம் தருகிறது. விசா இல்லாமல் எல்லை தாண்டி வந்து உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வாழ்வில் அந்த நட்பு மேற்பூச்சு அன்று, சோறு.

சீடன்: சோற்றை வைத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் நீக்க முடியாதா?

குரு: உடன்படிக்கையை மறுபடி பார்க்க 2016இல் இரு நாடுகளும் எட்டுப் பேர் குழு அமைத்தன. 2018இல் அறிக்கை தயாரானது. ஆண்டுகள் போயும் அரசுகள் அதை முறைப்படி பெற்றுக்கொள்ளவில்லை. முதலில் கை நீட்டி வாங்க வேண்டியது தில்லிதான். வாங்கியதும் மக்கள் படிக்கும்படி அச்சிட்டு வெளியிட வேண்டும்.