இறந்தார் என்று உரைக்குமுன்

மரணத்திற்கு அஞ்சாத பெருமக்களையும் ஓர் அச்சம் விட்டதில்லை. உயிர் நீங்குமுன்பே தம்மைப் புதைத்துவிடுவார்களோ என்பதே அது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, தாம் இறந்து மூன்று நாள் கழியுமுன் தம் உடலைக் கல்லறையில் வைக்கலாகாது என்று செயலரிடம் கேட்டுக்கொண்டார். ஆல்ஃபிரெட் நோபெல் 1895இல் எழுதிய உயிலில் பரிசுகளுக்கு மட்டும் வகை செய்யவில்லை. தம் இரத்த நாளங்களைத் திறந்து, தக்க மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்த பின்னரே எரியூட்ட வேண்டும் என்றும் விதித்தார்.

இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. நாடி பார்ப்பதும் நாசியருகே கண்ணாடி பிடிப்பதுமே அந்நாளைய சோதனைகள். உடல் அழுகத் தொடங்குதலே ஐயமற்ற அடையாளம் என்று அறிஞர் பலர் கருதினர். எனவே 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஜெர்மானிய நகரங்களில் பிணங்களைக் காத்து வைக்கும் இல்லங்கள் எழுந்தன. அங்கே உடலின் விரலில் கயிறு கட்டி, அதனை மணியோடு இணைத்துக் காவலர் விழித்திருந்தனர். 1816இல் ஸ்டெதாஸ்கோப் தோன்றியது. அதன் துணையால் இதய ஒலி அடங்கியதை அறிந்து மரணத்தைத் துணியலாம் என்று பூஷூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1840களில் எடுத்துரைத்தார்.

அதன் பின்னும் ஐயம் முற்றும் தீர்ந்ததா? 1999இல் நார்வே நாட்டில் பனிப்பாறைக்கடியில் ஓடை நீரில் சிக்கிய ஒரு பெண்மணியை மீட்டபோது இதயம் நின்றிருந்தது. உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியசாகத் தாழ்ந்திருந்தது. மருத்துவர்கள் கைவிடவில்லை. குருதிக்கு மெல்ல வெப்பமூட்டினர். அவர் பிழைத்தார்.

இங்கே எழும் அறவினா இதுவே: ஐயம் உள்ளவிடத்து எப்பக்கம் சாய்வது? இறந்தவரை உயிருள்ளவராகக் கருதிக் காத்திருந்தால் சில நாழிகை வீணாகலாம். உயிருள்ளவரை இறந்தவராகக் கருதினாலோ, அப்பிழையைத் திருத்த வழியே இல்லை. இரண்டும் ஒத்த பிழைகள் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத உயிர் இருக்கக்கூடும் என்றெண்ணி நீரை வடிகட்டிப் பருகும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் தாமதம் எப்போதும் அறமாகுமா? ஆகாது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் பிறருக்கு வாழ்வளிக்கும் இந்நாளில், வீண் தாமதம் வேறோர் உயிருக்கு இழப்பாகலாம். ஆதலின் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் நடுவழி ஒன்றை வகுத்தது. மூளைத்தண்டுச் சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு உறுதி செய்தல் வேண்டும். ஆறு மணி நேரமேனும் இடைவெளி விட்டு இருமுறை சோதித்தல் வேண்டும். உறுப்பு மாற்றும் மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது. மரணத்தால் பயன் கொள்வோர் மரணத்தைத் தீர்மானிக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

இவ்விதி மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. இல்லத்தில் ஒருவர் மூச்சடங்கிக் கிடக்கையில், உறவினர்க்குச் சொல்லியனுப்புவதும் மயானத்தில் நேரம் குறிப்பதும் முந்திக்கொள்கின்றன. மருத்துவரை அழைப்பதோ சான்றிதழ் பெறும் சடங்காகிவிடுகிறது. வரிசை மாற வேண்டும். முதலில் மருத்துவர் வந்து பார்க்கட்டும். ஏனைய யாவும் அதன் பின்னரே ஆகுக. தமக்காகப் பேச இயலாதவரிடத்து நாம் காட்டும் பொறுமை, அவருக்கு நாம் ஆற்றும் இறுதிக் கடமையின் முதற்பகுதி என்பதை உணர்வோமாக.