அசையாத வளையமும் விசையின் கூறுகளும்

ஒரு வளையத்தை ஒரு நூல் கிழக்கே 3 நியூட்டன் விசையாலும் மற்றொரு நூல் வடக்கே 4 நியூட்டன் விசையாலும் இழுக்குமானால், இரண்டும் சேர்ந்து தரும் தொகுபயன் விசை, கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகை திரும்பிய திசையில் 5 நியூட்டனாக அமையும். வளையத்தை நிலைநிறுத்தும் எதிர்சமனி என்னும் மூன்றாவது விசையோ அதே அளவில், நேர் எதிர்த்திசையில், மேற்கே 3, தெற்கே 4 என்ற கூறுகளுடன் இருக்க வேண்டும். இரு கூறுகளின் குறியும் ஒருங்கே மாறுவதால் அவற்றின் தகவு மாறுவதில்லை. ஆகவே அத்தகவிலிருந்து கோணத்தைக் காணும் கணிப்பான் மறுபடியும் 53 என்றே காட்ட, 180 பாகையைக் கூட்டி 233 என்று திசையைத் தீர்மானிப்பது குறிகளைக் கவனிக்கும் மாணவரின் பொறுப்பாகிறது.

அசையாது நிற்கும் அவ்வளையத்தின்மீது மூன்று விசைகள் உள்ளனவா, சுழியாகிய தொகுபயன் மட்டுமே உள்ளதா என்பது கணிப்பான் தீர்க்காத வினா. மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்கவியல் நூலில், விசைகள் ஒருங்கே செயல்படும்போதும் ஒவ்வொன்றின் விளைவும் முழுமையாகவே நிகழ்கிறது என்றும், அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட்டிருந்தால் சேர்ந்திருக்கும் இடத்தையே பொருள் அடைகிறது என்றும் வாதிட்டார். இதை மறுத்த மெய்யியலாளர் நான்சி கார்ட்ரைட், 1983-இல் வெளிவந்த தம் நூலில், தொகுபயனை ஏற்றுக் கூறுவிசைகளின் உண்மையை ஐயுற்றார். நகராத பொருள் இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்ததாகச் சொல்வது, உண்மையில், விளங்கிக்கொள்ள அரிய கூற்றே.

ஆயினும் 'கூறு' என்னும் பெயரில் இங்கே இரு வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. ஆய அச்சுகளைத் திருப்பி ஒன்றை எதிர்சமனியின் போக்கிலேயே வைத்தால், அதன் ஒரு கூறு 5 ஆகவும் மற்றது சுழியாகவும் மாறும். வளையத்துக்கோ எதுவும் நேர்வதில்லை. எனவே அச்சுவழிக் கூறுகள் கணிப்பவரின் வசதிக்கானவை. நூல்களின் இழுப்பு அத்தகையதன்று: ஒவ்வொரு நூலிலும் கோத்த வில்தராசு தனித்தனி அளவைக் காட்டும், கிழக்கு நூலை அறுத்தால் மேற்கே 3 நியூட்டன் எஞ்சும், அறுக்காதபோதும் வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருத்திரிந்தே நிற்கும். விசையின் விளைவு இடப்பெயர்ச்சி மட்டுமே என்று கொண்டதுதான் மில்லின் வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

கார்ட்ரைட் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டோ நூலில்லாதது. நிறையும் மின்னூட்டமும் உடைய இரு பொருள்களிடையே ஈர்ப்புவிசையும் மின்விசையும் ஒரே கோட்டில் செயல்படுகின்றன. மின்னூட்டத்தை நீக்கினால் முடுக்கம் எவ்வளவு மாறும் என்பதை மின்விசைக்கான கூலூம் விதி முன்கூட்டியே சொல்லிவிடும்; ஆனால் நீக்குவதற்கு முன் அவ்விசை தனித்து இருந்ததா என்பதை அம்மாற்றம் மட்டும் நிறுவிவிடாது.